‘இது அப்பாகிட்ட இருந்து வரல’

1

இந்த நாட்டில் நான் எதற்காக இருக்கிறேன் என்ற கேள்விக்கு என் கடவுச்சீட்டில் ஒரே வரியில் பதில் ஒட்டியிருக்கிறார்கள்: மலேசியக் குடிமகனின் மனைவி. பட்டுக்கோட்டையில் நான் டெய்லர் மகள், கணக்கில் கெட்டிக்காரி, வாயாடி, இன்னும் என்னென்னவோ. இங்கே இந்த ஒரு வரிதான்.

அந்த வரி ஒரு வருடம்தான் செல்லும். ஒவ்வொரு வருடமும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் நின்று அதைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வருடமும் போன வாரம் புதுப்பித்தாயிற்று. தங்கை ஊரிலிருந்து கூப்பிட்டு, "பாஸ் கெடச்சிருச்சாக்கா?" என்று கேட்டாள். "ம், கெடச்சிருச்சு" என்றேன். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு அவள் மகளுடைய பள்ளிக்கூடப் பேச்சுக்குப் போய்விட்டாள். அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலேசியா மாப்பிள்ளை என்றால் ஊரில் இன்னமும் பலருக்குக் கண் விரிகிறது. படித்துவிட்டு விரியட்டும்.

முதல் வருடம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் இருப்பது ஈப்போவில். அலுவலகத்தில் என்னை இறக்கிவிட்டு இவர் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். என் எண் வந்துவிட்டது. கவுன்டரில் இருந்த அதிகாரி என் தாள்களைப் புரட்டிவிட்டு, "சுவாமி மானா?" என்றார். சாமியைப் பற்றி ஏதோ விசாரிக்கிறார், நம் மதத்தைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, கைப்பையில் இருந்த பிள்ளையார் படத்தை எடுத்து மரியாதையாக நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற தமிழ்ப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு எங்கன்னு கேக்குறாங்க லா" என்றாள், இங்கே எந்தப் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த லாவோடு. மலாய் மொழியில் சுவாமி என்றால் புருஷன்.

கல்யாண வீடுகளில் இவர் அந்தக் கதையைப் பல வருடம் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அந்தச் சுவாமி நேரில் வந்து பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அடுத்த வருடம் உண்டு என்பது அப்போது எனக்கு வெறும் சடங்காகத்தான் பட்டது.

2

எங்கள் வீடு ஈப்போவில் சிலிபின் பகுதியில். இவர் பெயர் குணசேகரன். ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறார். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அத்தை எங்களோடு இருக்கிறார். தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, தோட்டத்தை விற்றபோது பிள்ளைகளோடு டவுனுக்கு வந்தவர். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அவர்கள் இருந்த லயத்து வீடுகளைப் பெயர்த்துவிட்டார்கள்.

வந்த புதிதில் அத்தை ஒருநாள், "வெள்ளி மொளைக்க எந்திரிச்சி, வெயில் ஏறுறதுக்குள்ள என் நெரையில உள்ள மரம் பூரா வெட்டிருவேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெனமும் அவ்வளவு மரத்தையும் வெட்டிட்டா அப்புறம் தோட்டம்னு என்னத்தை இருக்கும் அத்தை?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இங்கே பால் எடுக்க ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறுவதுதான் மரம் வெட்டுவது. இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் நடுவில் ஓர் ஆள் நின்று விளக்க வேண்டிய தமிழ்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தர்ஷினி, பதின்மூன்று வயது. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ஒன்றுவிடாமல் வந்து என்னிடம் ஒப்பிப்பாள். இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். அங்கே எல்லாம் மலாய். என்னிடம் பேசும் தமிழ் சுருங்கிக்கொண்டே வருகிறது. நான் ஏதாவது சொன்னால், "அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க லா மா" என்று என் தமிழையே திருத்துகிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தோழிகளோடு இங்கிலீஷில் சிரிக்கும்போதுதான் அவள் குரல் முழுசாகக் கேட்கும்.

சின்னவன் முகிலன். ஏழு வயது. ஆட்டிசம். முகம் பார்த்துப் பேச மாட்டான். குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுவான், அதனால் எங்கள் வீட்டில் குக்கரே இல்லை. பருப்புச் சோற்றில் ஒரு கடுகு கிடந்தால் தட்டு பறக்கும். எந்தப் பிள்ளையும் அம்மா என்றோ அப்பா என்றோதான் பேச ஆரம்பிக்கும். இவன் முதலில் தெளிவாகச் சொன்னது "சிலா துங்கு". தயவுசெய்து காத்திருக்கவும் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டான். அதே குரலில், அதே இழுப்போடு சொல்வான். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

அத்தை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "இது சாப்புட்டுச்சா?" "இது தூங்கிருச்சா?" பாசம் இல்லாமல் இல்லை. அவன் காலை மடியில் போட்டு நீவிவிடுவது அவர்தான். அவர் வாயில் அவன் எப்போதும் ‘இது’.

3

நம் ஊரில் குழந்தை பிறந்தால் பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்வது என்ன? சாடை பிரிப்பது. மூக்கு அப்பனுடையது, நெற்றி அப்பத்தாவுடையது, காது யாருடையது என்று தெரியவில்லை, அம்மா வீட்டுப் பக்கமாக இருக்கும். சொத்துப் பிரிப்பது போல அங்கம் அங்கமாகப் பிரித்துக்கொண்டு, பத்து ரூபாய் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். கடல் தாண்டி வந்தும் இந்தப் பழக்கம் மாறவில்லை. முகிலன் பிறந்தபோது சிலிபின் வீட்டில் கூட்டம் கூடிப் பிரித்தார்கள். அவனுடைய கால் விரல்கூட இவர் குடும்பத்துக்குத்தான் போனது. அத்தைக்கு அவ்வளவு பெருமை.

மூன்று வயதில் டாக்டர் ஆட்டிசம் என்றார். அதன் பிறகு பங்குக்கு யாரும் வரவில்லை. "எங்க தோட்டத்துல இப்படி ஒரு புள்ளய நா பாத்ததே இல்ல. ஊருலேர்ந்துதான் வந்திருக்கணும்" என்றார் அத்தை. அதை அவர் சண்டையாகச் சொல்லவில்லை, அரிசி எங்கே வாங்கினது என்று சொல்வது போலச் சொன்னார். இவரும் பக்கத்தில்தான் இருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்கே உள்ளுக்குள் பயம். என் சித்தப்பா ஒருவர் யார் முகத்தையும் பார்க்காமல், கல்யாணமும் செய்துகொள்ளாமல், ஒரே மாதிரிச் சட்டையைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வாழ்ந்து முடித்தார். அவரா? அவர் வழியாக என்னிடம் வந்து, நான் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டேனா? பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதே நினைப்பு.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கோலாலம்பூரில் இருந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் வருகிறார்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்து, பரம்பரையாக வரும் எது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆராய்கிறார்கள் என்று. மருந்து ஒன்றும் கிடைக்காது, உறுதியான பதில்கூட வராமல் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மருந்தைவிட அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. இவரும் உடனே ஒத்துக்கொண்டார். "எடுத்துப் பாப்போம் லா. தெரிஞ்சிக்கிட்டா நல்லதுதானே" என்றார். யார் பக்கம் என்று தெரியும் என்பதைத்தான் அவரும் நினைத்திருப்பார்.

குடும்ப விவரம் கேட்டது ஒரு தமிழ் நர்ஸ். இங்கே நர்ஸை மிஸி என்பார்கள். "வீட்டுக்காரர் சொந்தமா?" என்று கேட்டார். "இல்ல மிஸி, அந்நியம்" என்றேன். "அது தெரியும்கா, நீங்க இந்தியாக்காரவங்கதானே" என்று எழுதப் போனார். சொந்தத்துக்கு வெளியே கட்டிக்கொடுப்பதை நாங்கள் அந்நியம் என்போம், வெளிநாட்டுக்காரி என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை என்று விளக்கினேன். இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல பெண், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

4

பதில் வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. கூப்பிட்ட அன்று இவருக்குப் பகல் வேலை. முகிலனைப் பிடித்துக்கொள்ள அத்தை என்னோடு வந்தார்.

டாக்டர் மலாய்க்காரப் பெண். மெதுவாகப் பேசினார். என் மலாய் சந்தைக்குப் போதும், இந்தப் பேச்சுக்குப் போதாது. அதனால் மிஸி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். "அக்கா, பையனோட மரபணுவுல ஒரு மாற்றம் இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. இது அப்பாகிட்ட இருந்து வரல."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒலிபெருக்கி யாரையோ அழைத்தது. முகிலன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். அத்தை அவன் பின்னாலேயே ஓடினார். மிஸி என்னிடம் தொடர்ந்தார். "அம்மாகிட்ட இருந்தும் வரல. பிள்ளைக்குப் புதுசா வந்திருக்கு. சில பிள்ளைங்களுக்கு அப்படி நடக்கும்கா. இது ஒண்ணுதான் காரணம்னும் சொல்ல முடியாது. ஆனா ஆபத்தக் கூட்டுற மாற்றம். யார் மேலயும் தப்பு கெடயாது."

"என் மேலயும் இல்லியா மிஸி?" என்று கேட்டேன்.

"யார் மேலயும்னா ஒங்க மேலயும்தான்கா."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தார். துக்கத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். பாவம் சித்தப்பா, செத்தும் நான்கு வருடம் என்னிடம் திட்டு வாங்கினார். மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெளியே வந்தபோது அத்தை நாற்காலியில் உட்கார்ந்து முகிலனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

5

வீட்டுக்கு வந்து கேசரி கிளறினேன். ஊரில் தேர்வு முடிவு வந்தால் அம்மா கேசரிதான் செய்வாள். இதுவும் ஒரு தேர்வு, நான் தேறிவிட்டேன், அப்படித்தான் இருந்தது எனக்கு. தர்ஷினி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அத்தை தொடவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், கட்டுப்பாடாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேலை முடிந்து வந்த இவரை அத்தை பின்கட்டுக்குக் கூப்பிட்டுப் பேசியதைப் பார்த்தேன். நல்ல செய்தியை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் என் மடத்தனத்தைக் கண்டு எனக்கே சிரிப்பு வருகிறது.

மறுநாளிலிருந்து இவர் என்னிடம் பேசவில்லை. முகிலனைத் தொடவில்லை. அவன் வந்து முழங்கையைப் பிடித்தால் மெதுவாகக் கையை எடுத்துக்கொள்வார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டார்.

"ஒங்க அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ட்டு வந்த பெறகுதானே இவன் உண்டானான்?"

"ஆமா. வந்த மறுமாசம். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல லா. கேட்டேன்."

அதே டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உள்ளே போய் அத்தையிடம், "அவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நா ஒண்ணும் சேத்துச் சொல்லல. அந்த மிஸி சொன்னதத்தான் சொன்னேன். இது அப்பாகிட்ட இருந்து வரலன்னு அது வாயாலதான் சொன்னிச்சி. நீயும் அங்கதானே இருந்தே?"

‘இது’. நம் பேச்சில் நோயும் ‘இது’, பிள்ளையும் ‘இது’. குழந்தையை அஃறிணையில் வைத்த மொழி நம்முடையது. அது கொஞ்சலுக்குச் சரி. மிஸி மாற்றத்தைச் சொன்னார். அத்தை காதில் அது பேரன் என்று விழுந்தது. மலாய்க்காரர் வந்து புகுந்த குழப்பமும் இல்லை, இங்கிலீஷ் செய்த கோளாறும் இல்லை. மூன்று தமிழச்சிகள் ஓர் அறையில் நின்று, ஒரு சின்னத் தமிழ் வார்த்தையில் என் குடியைக் கெடுத்துவிட்டோம்.

இவரிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மரபணு, மாற்றம், உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, பிள்ளை கருவாகும்போது புதிதாக வந்தது. குரலை உயர்த்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "நீ சொல்ற. வேற என்னா சொல்லுவே நீ?" என்றார்.

அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருப்பேன். இதற்கு என்ன செய்ய?

6

பாஸ் முடிய ஒரு மாதம் இருந்தது. வழக்கமாக இவரே நினைவு வைத்துக்கொண்டு விடுப்பு எழுதிக்கொடுத்துவிடுவார். இந்த முறை நான்தான் கேட்டேன். "சூத்தி கெடைக்கல" என்றார். சூத்தி என்றால் விடுப்பு. அடுத்த வாரமும் கேட்டேன். அதே பதில். போக மாட்டேன் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காகிறது. போய்க் கேட்டால், இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். பாஸ் முடிந்தால் நான் இந்த நாட்டைவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் குடிமக்கள், அவர்கள் இங்கேயே இருப்பார்கள். முகிலனின் சோற்றில் கடுகு பொறுக்குவது யார்? குளிக்க வைக்கும்போது தண்ணீரைத் தலையில் ஊற்றக் கூடாது, தோளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்? இரண்டு கையிலும் துணி மூட்டையோடு விமான நிலையத்தில் நிற்பது போலவும், அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பார்ப்பது போலவும் திரும்பத் திரும்ப மனதில் ஓடும். நான் போவதுகூட அவனுக்குத் தெரியாது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஊருக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அங்கே என்ன கேட்பார்கள் என்றும் தெரியும். நெருப்பில்லாமல் புகையுமா என்று நம் தெருவிலும் நான்கு பேர் இருக்கிறார்கள். அத்தை அதைத்தான் இங்கே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தர்ஷினி இந்த நாட்களில் தட்டை எடுத்துக்கொண்டு போய் அறையில் சாப்பிட்டாள். பதின்மூன்று வயது, அப்படித்தான் இருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் காதில் எதுவும் விழவில்லை என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கடைசியில் மிஸியிடம் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கவைத்து நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அக்கா. நா அந்த மாற்றத்தத்தான் சொன்னேன். பையன சொல்லல."

"எனக்குத் தெரியும் மிஸி. எனக்குத் தெரிஞ்சி என்ன பண்றது?"

அங்கேயே போனை எடுத்து இவரைக் கூப்பிட்டார். "அண்ணே, முகிலன் விஷயமா டாக்டர் ஒங்கள பாக்கணுமாம். அப்பா நேர்ல வந்தாதான் வெளக்க முடியுமாம். எப்ப வாரீங்க?" மறுமுனையில் இவர் என்ன சொன்னாரோ, மிஸி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்று வாரமாகக் கிடைக்காத விடுப்பு அன்று மாலையே கிடைத்துவிட்டது.

7

டாக்டர் அறையில் இவர் சுற்றி வளைக்கவில்லை. உட்கார்ந்ததுமே மலாயில், "ஆனாக் சாயா கே?" என்று கேட்டார். என் பிள்ளையா என்று. பக்கத்தில் நான் இருந்தேன். மிஸி இருந்தார். முகிலன் என் மடியில் இருந்தான். நாங்கள் யாரும் இல்லாதது போலக் கேட்டார்.

டாக்டருக்குக் கேள்வி புரியவே சற்று நேரம் ஆனது. புரிந்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு, மெல்ல விளக்கினார். இந்த முறை மிஸி ‘இது’ என்ற சொல்லையே தொடாமல் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். பிள்ளையிடம் ஒரு மாற்றம் இருக்கிறது, அப்பா அம்மா இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், இவர்கள்தான் இந்தப் பிள்ளையின் அப்பா அம்மா என்று ரத்தத்திலேயே சரிபார்ப்பார்கள். அது உறுதியானால்தான் மாற்றம் புதியது என்று எழுதவே முடியும். நீங்கள் அப்பா இல்லையென்றால் அது எங்கிருந்து வந்தது என்று எங்களால் சொல்லியே இருக்க முடியாது என்றார் டாக்டர்.

அப்பாகிட்ட இருந்து வரவில்லை என்று சொல்ல முடிந்ததே இவர் அப்பா என்பதால்தான். எந்த வாக்கியம் என்னைக் குற்றவாளி ஆக்கியதோ அதற்குள்ளேயே என் சாட்சியும் இருந்திருக்கிறது.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அப்படியென்றால் என் ஒழுக்கத்தையும் சேர்த்தேதான் அந்த ரத்தத்தில் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் கொடுத்த அன்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அதுவும் இருந்ததாம். மலாயில் இருந்திருக்கும்.

இவர் பெருமூச்சு விட்டார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்கு நன்றி சொன்னார், மிஸிக்கு நன்றி சொன்னார். முகிலனை என் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவன் நெளிந்து இறங்கி மின்விசிறியைப் பார்க்கப் போனான்.

கார் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது, "சரி, விடு லா. இப்பதான் எல்லாம் தெளிவாயிருச்சே. நாளைக்கே இமிகிரேசன் போலாம்" என்றார். அவ்வளவுதான். வேறு ஏதாவது வரும் என்று காரில் ஏறும்வரை காத்திருந்தேன். வழியில் காரை நிறுத்திக் கரும்புச் சாறு வாங்கிக்கொடுத்தார். பேசத் தெரியாத மனிதர், இதுதான் அவருடைய மன்னிப்பு என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். சொல்லாதீர்கள். நான் அதைக் குடிக்கவில்லை.

பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவள் சொன்னபோது, வேற என்ன சொல்லுவே என்றவர், ஒரு சின்னக் குழாய் ரத்தம் சொன்னதை அந்த நொடியே நம்பினார். நாளைக்கு ரத்தத்தில் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நான் எதைக் காட்டுவது?

வீட்டில் அத்தையிடம் இவரே விவரம் சொன்னார். அத்தை கேட்டுவிட்டு, "நல்ல வேள, மாரியாத்தா" என்று கும்பிட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப யாரு பக்கமும் இல்லியா?" என்றார். எந்தப் பக்கமும் இல்லாமல் ஒன்று வர முடியும் என்பதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அன்று சாப்பிடும்போது எனக்கு முதலில் மீன் துண்டை வைத்தார்.

8

பள்ளி விடுமுறை என்பதால் மறுநாள் நான்கு பேருமாகப் போனோம். அலுவலகத்தில் முகிலனுக்குக் கொண்டாட்டம். ஒலிபெருக்கியோடு சேர்ந்து எல்லா எண்ணையும் சொன்னான், ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் முறை வந்தது. அதிகாரி இளம்பெண். சுவாமி எங்கே என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் இவர் எனக்கு முன்னால் நின்றார். அந்தப் பெண் முகிலனைப் பார்த்துச் சிரித்து, "ஆனாக்?" என்றாள்.

"ஆனாக் சாயா" என்றார் இவர். என் பிள்ளை. அலுவலகத்துக்கே கேட்கிற மாதிரி, அவன் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தர்ஷினி போனிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. எனக்கு இன்னும் ஒரு வருடம்.

திரும்பும்போது காரில் இவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, ஊர்ப்பக்கம் போய் வருஷமாகிறது, அடுத்த வருடம் எல்லோரும் பட்டுக்கோட்டைக்குப் போய் வரலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். நான் முன்னால் இருந்தேன். பிள்ளைகள் பின்னால்.

"பா" என்றாள் தர்ஷினி. பல வாரங்களுக்குப் பிறகு அவள் அவரைக் கூப்பிட்டது அன்றுதான்.

"என்னாம்மா?"

"என் பிளட்ட எப்ப எடுப்பாங்க?"

"ஒனக்கு எதுக்கும்மா? ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. தம்பிக்குத்தான் பாக்கணும்னாங்க."

"அதுக்கில்ல" என்றாள். கோபமோ அழுகையோ அந்தக் குரலில் இல்லை, பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். "தம்பி ஒங்க பிள்ளைன்னு செக் பண்ணிட்டாங்க. என்னைய இன்னும் செக் பண்ணலயே. நா ஒங்க பிள்ளைன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாளம் நின்றது. இவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கவுன்டரில் மலாய் தெரியாமல் நான் விழித்த காலத்தில் அவரைத் திரும்பிப் பார்ப்பேனே, அதே பார்வை. பிள்ளைகள் ஏதாவது சங்கடமாகக் கேட்டால் அவருக்காக நான்தான் பதில் சொல்வது இந்த வீட்டில் வழக்கம். அப்பா அப்படி நினைக்கவில்லை, அப்பாவுக்கு வேலைக் களைப்பு, அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது, இப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறேன்.

தர்ஷினி காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.